ஒற்றைக் கண்ணால் பார்த்த கழிகள்

மகனே,

நேற்று முன்தினம் இரண்டு வருஷம் கழித்து உன் குரலைக் கேட்டேன். உன் அம்மா போனைக் கொண்டுவந்து என் காதில் வைத்து அழுத்தினாள். காது வலித்தது, ஆனாலும் நான் விலக்கவில்லை. "கண்ணு எப்டி கீது நைனா?" என்று கேட்டாய். ஊசி போட்டிருக்கிறார்கள் என்றேன். அதற்கு மேல் நீதான் ஆரம்பித்தாய். "அன்னிக்கு நடந்ததுக்கு உன் மேல இன்னா தப்பு நைனா? அது கண்ணு பண்ண வேல. தெரியாம நானும் கோச்சிகினு வந்துட்டேன். பொங்கலுக்கு வீட்டுக்கு வரேன்." அதற்கு நான் சொன்ன பதில் ஒரு "ம்" மட்டும்தான். போனை வைத்ததும் உன் அம்மா முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீ சொன்னதில் பாதிதான் சரி. மீதியைத் தெரிந்துகொண்டால் நீ பொங்கலுக்கு வராமல்கூடப் போகலாம். உன் அம்மா என்னை லேசில் விடமாட்டாள். இருந்தாலும் எழுதியாக வேண்டும். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வலது கண்ணில் கை வைத்து மூடிக்கொண்டு, இடது கண்ணால் எழுதுகிறேன். நாலு வரி எழுதினால் கண்ணில் நீர் வருகிறது, நிறுத்தி நிறுத்தித்தான் எழுத முடிகிறது.

முதலில் கண் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அது உனக்கும் உதவும். ஆடி மாசக் காற்றில் இடது கண்ணில் மணல் விழுந்தது. அதை மூடித் தேய்த்துக்கொண்டே உன் அம்மாவைக் கூப்பிட்டேன். எதிரில் வந்து நின்றாள். சேலை தெரிகிறது, காது தோடு தெரிகிறது, முகம் இருக்கிற இடத்தில் சாம்பலாக ஒரு திட்டு. "இன்னாயா, பேயப் பாத்த மாரி பாக்குற?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டு கண்ணையும் திறந்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. அதனால் புரை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். புரைதானே, முற்றட்டும், கண் முகாம் வைத்தால் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று இரண்டு மாசத்தை ஓட்டினேன். எனக்கு நானே டாக்டர். அந்த இரண்டு மாசத்தில் போனது போனதுதான், இனி எந்த ஊசியாலும் திரும்பாது என்று அப்புறம் சொன்னார்கள்.

ஒருநாள் பொன்னேரி பஸ்ஸுக்காக நம் ஊர் டச்சுக்காரர் கல்லறை ஓரமாக நின்றுகொண்டிருந்தபோது, சும்மா இருக்க முடியாமல் இடது கண்ணை மூடி அந்தச் சுற்றுச்சுவரைப் பார்த்தேன். சுவரின் மேல் விளிம்பு நடுவில் தொய்ந்து போயிருந்தது. கண்ணை மாற்றி மூடினேன், நேராக இருந்தது. மறுபடி மாற்றினேன், தொய்ந்தது. வந்த பஸ்ஸில் ஏறாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எதனால் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பொன்னேரியில் முகாம் போட்டிருந்த பெண் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "புரை பெருசா இல்ல பெரியவரே. உள்ள விழித்திரையில கோளாறு. அதுக்குன்னே இருக்கிற டாக்டர்கிட்ட போங்க, இந்த வாரமே போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு டாக்டர் என்று ஒருவர் இல்லையப்பா. முன்பக்கத்துக்கு ஒருவர், பின்பக்கத்துக்கு ஒருவர். பின்பக்கத்து டாக்டர் உன் வயசுப் பெண். சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள், வெளிச்சமெல்லாம் குத்த ஆரம்பித்தது. முகவாயை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அப்புறம் அந்தப் பெண் கட்டம் போட்ட அட்டை ஒன்றைக் கொடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னாள்.

"கோடெல்லாம் நேரா இருக்கா, வளைஞ்சிருக்கா?"

"வளைஞ்சி கீதும்மா."

"எங்க?"

"நடுவுல. ஓரத்துல நேராத்தான் கீது. நடுவுல வெளிய தள்ளிகினு போவுது."

வயசானால் சிலருக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிடுமாம். அதில் ஒரு வகையில் அடியில் புது ரத்தக்குழாய் முளைத்துக் கசியுமாம். எனக்கு வலது கண்ணில் அந்தக் கசிகிற வகை. இடது கண்ணில் கசிவு இல்லை, தேய்மானம் மட்டும் ஆரம்பித்திருக்கிறதாம். கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும், ஒன்றோடு நிற்காது, போனதை மீட்க அல்ல, இருப்பதைக் காப்பாற்ற என்று பொறுமையாகச் சொன்னாள். பீடி உண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன். எத்தனை வருஷமாக என்று கேட்டாள். பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. நீ சிகரெட் பிடிப்பது எனக்குத் தெரியும், உன் அம்மாவுக்குத்தான் தெரியாது. விட்டுவிடு. இது குடும்பத்தில் வரக்கூடியது என்றும் சொன்னாள். நாற்பது தாண்டினால் வருஷத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டு. அதுவரை ஒவ்வொரு கண்ணாக மூடிக் காலண்டர் கட்டத்தைப் பார். இரண்டையும் சேர்த்துத் திறந்துவைத்துக்கொண்டு எல்லாம் தெரிகிறது என்று இருந்துவிடாதே. நல்ல கண் கெட்ட கண்ணைக் காட்டிக்கொடுக்காது.

எழுந்து வரும்போது அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே இது ஆரம்பிச்சிருக்குமாம்மா?" அவள் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். "லேசா ஆரம்பிச்சிருக்கலாம். சில பேருக்கு மெதுவா வரும். உறுதியா சொல்ல முடியாது பெரியவரே. ஏன் கேக்கறீங்க?" சும்மாதான் கேட்டேன் என்றேன். சும்மா கேட்கவில்லை என்று உனக்குத் தெரியும்.

அந்தச் சாயங்காலத்தை நீ மறந்திருக்க மாட்டாய். முகத்துவாரம் தூர்ந்து ஏரியில் உப்பும் இறாலும் குறைந்துபோயிருந்த வருஷம். ஆளாளுக்கு எரிச்சல். நம் ஊரில் பாடு முறையில்தான் வலை போடுகிறோம், யாருக்கு எந்த நாள் எந்த இடம் என்று சீட்டுப் போட்டு எடுப்போம். ஒருவர் பாட்டுக்கும் அடுத்தவர் பாட்டுக்கும் நடுவே கழி நட்டு எல்லை காட்டுவோம். அந்த வரிசை நேராக நிற்கிறதா என்று கரைமேட்டிலிருந்து பார்த்துச் சொல்வது இருபத்தெட்டு வருஷமாக என் வேலை. ஆசாரி பலகையைப் பார்ப்பதுபோல இடது கண்ணை இறுக்கி மூடி, வலது கண்ணால் மட்டும் பார்ப்பேன். எனக்கு முன்னால் பார்த்தவரும் அப்படித்தான் பார்த்தார். இரண்டு கண்ணாலும் பார்த்தால் வரிசை ஏமாற்றும் என்பது எங்கள் எண்ணம்.

அன்று கழி நட்டவன் உன் மாமன், உன் அம்மாவோடு பிறந்த ஒரே தம்பி. கூட நின்று நட்டவன் நீ. நான் பார்த்தபோது ஓரத்துக் கழிகள் சரியாக இருந்தன, நடுவில் ஏழெட்டுக் கழி அடுத்தவன் பாட்டுக்குள் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. சாய்ந்த வெயில் தண்ணீரில் பட்டுக் கூசியது. மற்றவர்கள் கையை நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டு, "நீ சொன்னா சரிதான் மாமா" என்றார்கள். உன் மாமன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். நீ கூட்டத்துக்கு நடுவில் வந்து, "நைனா, நேராத்தான் கீது. நானே கயிறு புடிச்சி நட்டேன். இன்னொரு வாட்டி பாரு" என்றாய். இன்னொரு வாட்டி பார்த்திருக்கலாம். கண்ணை மாற்றி மூடியிருந்தால்கூடப் போதும். நான் என்ன சொன்னேன்? "மாமன் பாசத்துல பொய் சொல்றான் இவன். எம் புள்ளன்னு பாக்காதீங்க" என்று ஊர் முன்னால் சொன்னேன். நீ பொய் சொல்லி நான் பார்த்ததே கிடையாது. சின்ன வயசில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டாலும் நேராக வந்து சொல்லிவிட்டு அடி வாங்கிக்கொள்ளும் பிள்ளை நீ. அது தெரிந்த வாயால்தான் அன்று அப்படிச் சொன்னேன்.

ஊர் முடிவு செய்தது. உன் மாமனுக்கு ஒரு வருஷம் பாடு இல்லை. எல்லை மாற்றியவன் என்று பெயர் எடுத்தவனுக்கு வருஷம் முடிந்த பிறகும் யாரும் கூட்டாளியாக நிற்கவில்லை. ஏரியில் பிறந்து வளர்ந்தவன், லைட்ஹவுஸ் குப்பத்தில் அடுத்தவர் பைபர் போட்டில் கடலுக்குப் போகிறான். உன் அம்மா தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நீ ஒரகடத்துக் கம்பெனிக்குப் போனாய். ஊரில் யாரையும் கூப்பிடாமல், உன் கல்யாணத்தை உன் கூட்டாளிகள் முன்னின்று நடத்தினார்கள். போட்டோவைத்தான் பார்த்தேன். மாலை எடுத்துக் கொடுக்க வேண்டிய தாய்மாமனும் அதில் இல்லை, நானும் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் போட்டோவைப் பார்த்து அழுதேன்.

இப்போது டாக்டர் சொன்னதை உன் அம்மா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். இரண்டு வருஷம் அவள் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. புருஷன் மேலும் தப்பில்லை, தம்பி மேலும் தப்பில்லை, எல்லாம் விழித்திரை செய்த வேலை. அந்த டாக்டர் பெண் "இருக்கலாம்" என்றாள். நம் ஊர் அதை "ஆமாம்" என்று ஆக்கிக்கொண்டது. அன்று உன் மாமனைத் திட்டியவர்கள் இப்போது என்னைப் பார்த்து, "பாவம், கண்ணு தெரியாம தவிச்சிருக்காரு" என்கிறார்கள். உன் மாமனை மறுபடி பாடு முறையில் சேர்த்துக்கொண்டார்கள். அவன் முதல்நாளே வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்று, "எனக்குத் தெரியாம பூட்ச்சே மாமா, நானும் உன்ன வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்" என்று அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். யார் யாரிடம் கேட்பது என்று பார்.

முதல் ஊசிக்கு என்னை அழைத்துப் போனவன் அவன்தான். கண்ணுக்குள் ஊசி என்றதும் திரும்பிப் போய்விடலாம் என்றேன். கடலில் படகு கவிழ்ந்தபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை. உள்ளே போகும்வரை என் கையைப் பிடித்திருந்தான். மரக்க வைக்கிற மருந்து விட்டுவிடுகிறார்கள், ஊசி பெரிதாக வலிக்கவில்லை, ஒரு அழுத்தம்தான். வெளியே வந்தபோது டீயை ஆற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாலு வேளையும் சொட்டு மருந்து விட வேண்டும். உன் அம்மா விட்டால் கன்னத்தில் ஊற்றிவிடுவாள். அதனால் அவனே வந்து, என் தலையைத் தன் மடியில் சாய்த்து, இமையைப் பிரித்து மருந்து விட்டான். ஒவ்வொரு முறையும் அவன் முகம் என் முகத்துக்கு மேலே வரும். நான் சீக்கிரம் கண்ணை மூடிக்கொள்வேன். மருந்து எரிகிறது என்று அவன் நினைத்துக்கொள்வான்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். ஊர் முடிவு செய்த மறுநாள் விடிந்ததும் நான் தனியாகப் படகெடுத்துக்கொண்டு அந்தக் கழிகளிடம் போனேன். நீ சொன்னது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. முதல் கழியில் கயிற்றைக் கட்டிக் கடைசிக் கழிவரை இழுத்துப் பிடித்தேன். பிறகு ஒவ்வொரு கழியாகக் கையால் தடவிக்கொண்டே வந்தேன். எல்லாக் கழிகளும் கயிற்றைத் தொட்டுக்கொண்டு நின்றன. ஒன்றுகூட விரல் அளவு விலகவில்லை. இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தேன், நேர். உன் மாமன் அவ்வளவு ஒழுங்காக நட்டிருந்தான், நீ அவ்வளவு ஒழுங்காகக் கயிறு பிடித்திருந்தாய்.

கண் ஏமாற்றியது என்று அன்று எனக்குத் தெரியாது. வெயிலோ அலையோ ஏமாற்றியது என்று நினைத்தேன். ஆனால் நான் சொன்னது தப்பு என்று தெரியும். கரைக்கு வந்து நாலு பேரைக் கூப்பிட்டு, "நான் தப்பா பாத்துட்டேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? படகைத் திருப்பியபோது அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். கரையை நெருங்கும்போது, இருபத்தெட்டு வருஷம் பார்த்த வரிசையையெல்லாம் இனி யார் நம்புவார்கள் என்று தோன்றியது. பெற்ற பிள்ளையை ஊர் முன்னால் பொய்யன் என்றவன், மறுநாளே அதே ஊர் முன்னால் நானே பொய்யன் என்று எப்படி நிற்பது என்று தோன்றியது. அந்த நேரத்தில் நீ பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ரோட்டுப் பக்கம் போவதைப் படகிலிருந்து பார்த்தேன். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். கூப்பிடவில்லை. மதியம் பையன்கள் போய்க் கழிகளைப் பிடுங்கினார்கள். பிடுங்குவதை நான் கரையில் நின்று பார்த்தேன். அதோடு அத்தாட்சி போய்விட்டது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் அன்று நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆகவே கண் செய்த தப்பு ஒரு சாயங்காலத்தோடு சரி. அதற்கப்புறம் இரண்டு வருஷம் நடந்தது எதுவும் கண்ணால் நடந்ததல்ல. உன் மாமன் கடலில் அலைந்தபோது எனக்குத் தெரியும். உன் அம்மா தம்பி வீட்டுப் பக்கம் திரும்பாமல் நடந்தபோது எனக்குத் தெரியும். உன் கல்யாணப் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு அழுதபோதும் எனக்குத் தெரியும். வியாதி என்று டாக்டர் சொன்னதும், மகனே, நான் பயப்படுவதற்கு முன்னால் சந்தோஷப்பட்டேன். தப்பித்துக்கொள்ள நல்ல வழி கிடைத்தது என்று. அன்று பஸ்ஸில் ஏறாமல் உட்கார்ந்ததும் அந்தக் கழிகள் ஞாபகம் வந்ததால்தான். பார்வை போய்விடுமே என்று கலங்கியவன்போல ஊரில் காட்டிக்கொண்டேன்.

இதுவரை எழுதி இரண்டு நாள் மடித்து வைத்திருந்தேன். உனக்கு மட்டும் எழுதிவிட்டு, எதிரில் இருப்பவனிடம் சொல்லாமல் இருப்பது எழுதியதையே கெடுத்துவிடும் என்று தோன்றியது. இன்று காலை மருந்து விட உன் மாமன் வந்தான். உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன், கயிறு இழுத்துப் பார்த்தது வரைக்கும். உன் அம்மா அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள், பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அவன் எழுந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினான். வந்து என் தலையைச் சாய்த்து, இமையைப் பிரித்து, எப்போதும்போல ஒரு சொட்டு விட்டான். மூடியைத் திருகி மருந்தைத் தகரப் பெட்டி மேல் வைத்தான். "அடுத்த ஊசிக்கு நீயே போய்க்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனான். செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை, கையில் எடுத்துக்கொண்டு போனான். உன் அம்மா இந்நேரம் வரை என்னிடம் பேசவில்லை. மதியம் சோறு மட்டும் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம். அங்கும் சொல்வேன். இனி வரிசை பார்க்கிற வேலை எனக்கு வேண்டாம் என்றும் சொல்வேன், கண்ணைக் காரணம் காட்டாமல். ஊசிக்குத் தனியாகப் போய்க்கொள்வேன், இடது கண் இருக்கிறது, பஸ் நம்பர் தெரிகிறது. நீ பொங்கலுக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம். நோயாளி என்று இரக்கப்பட்டு வராதே. வந்தால் எல்லாம் தெரிந்து வா. வராவிட்டாலும் மருமகளிடம் சொல்லிவை, நீ காலண்டர் முன்னால் நிற்கும்போது அவள் சொல்லட்டும், "ஒரு கண்ண மூடிப் பாரு, அப்புறம் இன்னொண்ண மூடிப் பாரு" என்று. நீ பார்த்தது தப்பு என்று அவள் சொல்கிற நாளிலும் கண்ணை மாற்றி மூடிப் பார்.

அன்று நீ ஊர் முன்னால் சொன்னது உண்மை. கழிகள் நேராகத்தான் நின்றன. நீ பஸ் ஏறியபோது எனக்கு அது தெரியும்.

உன் நைனா